பத்தாயிரம் வெள்ளி அட்டை

எங்கள் வீட்டு வரவேற்பறையில் மூன்று வாரமாக ஒரு காசோலை நின்றுகொண்டிருந்தது. ஆமாம், நின்றுகொண்டுதான் இருந்தது. அட்டையில் அச்சடித்த, கதவளவு காசோலை. 'ரூபினி குணாளன், பத்தாயிரம் மலேசிய வெள்ளி' என்று கொட்டை எழுத்தில் போட்டு, ஒரு மூலையில் கட்சிச் சின்னம், இன்னொரு மூலையில் டத்தோ பட்டம் வாங்கிய கட்சித் தலைவரின் சிரித்த முகம். அதைச் சுவரில் சாத்தி வைத்ததில் மின்விசிறி சுவிட்ச் மறைந்துபோனது. காற்று வேண்டுமென்றால் டத்தோவின் காதுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவ வேண்டும். தள்ளி வைக்கலாம் என்றால் என் வீட்டுக்காரர் குணாளன் விடவில்லை. வருகிறவர் போகிறவர் கண்ணில் படவேண்டுமாம்.

ரூபினி எங்கள் ஒரே மகள். பல்கலைக்கழகம் போவதற்கான எஸ்.டி.பி.எம். தேர்வை நன்றாகவே எழுதியிருந்தாள். பிசியோதெரபி படிக்க வேண்டும் என்று கேட்டாள். அரசாங்கப் பல்கலைக்கழகம் மீன்வளம் படி என்றது. கடலோரப் பத்து பகாட் ஊர்க்காரி என்றால் மீனோடு சொந்தம் இருக்கும் என்று நினைத்தார்களோ என்னவோ. அலைந்து திரிந்து ஜோகூர் பாருவில் ஒரு தனியார் கல்லூரியில் கேட்ட படிப்பு கிடைத்தது. கல்விக் கடன் கிடைக்கும், ஆனால் சேர்ந்த பிறகுதான். சேர்வதற்கு முதல் தவணையைக் கையில் கொண்டுபோக வேண்டும். தையல் ஃபேக்டரியில் சட்டைக் காலர் தைக்கிற எனக்கு அது ஒரே மூச்சில் புரட்டுகிற தொகை இல்லை. என் நகையெல்லாம் எப்போதோ அடகுக் கடையில் மூழ்கிப்போனது.

தேர்தல் நெருங்கிய நேரம் அது. குணாளன் அந்தக் கட்சியின் உள்ளூர்க் கிளைச் செயலாளர். கிளையில் ஆள் இருக்கிறதோ இல்லையோ, செயலாளர் இருக்கிறார். "டத்தோகிட்ட பேசிட்டேன் சந்திரா, இனி கவலைய விடு" என்றார்.

மண்டபத்தில் விருந்து வைத்தார்கள். டத்தோ ஒரு மணி நேரம் பேசினார். கல்விதான் நம் இனத்தின் ஆயுதம் என்றார். அந்த ஆயுதத்தை அவர் எங்கே வாங்கினார் என்று எனக்குத் தெரியாது. அவர் பிள்ளைகள் லண்டனில் வாங்குவதாகக் கேள்வி. பிறகு ரூபினியை மேடைக்கு அழைத்து மாலை போட்டு, அட்டையின் ஒரு முனையை அவளிடம் கொடுத்தார். "என்ன படிக்கப் போறம்மா?" என்றார். அவள் வாயைத் திறப்பதற்குள் கேமரா பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாள் பேப்பரில் படம் வந்தது. குணாளன் அதை எல்லா வாட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்பினார். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தம்பிக்கு மட்டும் ஆறு தடவை போயிருக்கும்.

பணம் வரவில்லை. டத்தோவின் உதவியாளன் யுகேந்திரனுக்குப் போன் செய்தால், "புரோசஸ் ஓடிக்கிட்டு இருக்குக்கா, ரிலாக்ஸ் லா" என்பான். அது எந்த ஊருக்கு ஓடுகிறது என்று அவன் சொல்லவே இல்லை.

திங்கட்கிழமை பதிவு நாள். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை நான் வெட்கத்தைவிட்டுக் கோயிலுக்குப் போனேன். எங்கள் கோயிலில் வருஷா வருஷம் ஒரு பிள்ளைக்குக் கல்வி நிதி கொடுப்பார்கள். ரூபினிக்காக நான் முன்பே கேட்டு வைத்திருந்தேன். பொருளாளர் சதாசிவம் என்னைப் பார்த்ததும் சங்கடப்பட்டார்.

"ரூபினி பேருதாம்மா மொதல்ல இருந்துச்சு. பேப்பர்ல படம் பாத்தோம். இருந்தாலும் சந்தேகத்துக்கு உங்க வீட்டுக்கே போன் பண்ணுனேன். வீட்டுக்காரரே சொன்னாரே, பணம் வந்துருச்சு, வேற பிள்ளைக்குக் குடுங்கன்னு. நேத்துதான் குடுத்து முடிச்சோம்."

 நேராக வீட்டுக்கு வந்தேன். குணாளன் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோயில்ல என்ன சொன்னீங்க?"

"வேற என்ன சொல்றது? வரலன்னா சொல்ல முடியும்? சதாசிவம் ஊரெல்லாம் சொல்லிருவாரு. டத்தோ பேரு என்னாகும்? நான் செயலாளர் சந்திரா."

"உங்க மக பேரு என்னாகும்?"

"அதான் வரும்ல. தலைவர் வாக்கு குடுத்துட்டாரு."

மேடையில் மாலை விழுந்துவிட்டால் போதும், எங்கள் ஆட்களுக்குப் பணமே வந்த மாதிரிதான். வரவில்லை என்று சொன்னால் கொடுக்காதவனுக்கு வெட்கமில்லை, வாங்காதவனுக்கு மானம் போகிறது. இது என்ன மூளையோ! என் தம்பியிடம் கேட்டுப் பார்த்தேன். "பத்தாயிரம் வாங்கிட்டு எங்கிட்டயும் கேக்குறியேக்கா" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான். வரவில்லை என்று நான் சத்தியம் செய்ததை அவன் நம்பவில்லை. அவனிடம்தான் ஆறு படம் இருக்கிறதே.

சனிக்கிழமை எதிர்க்கட்சியிலிருந்து ஷர்மினி என்ற பெண் வந்தாள். விஷயம் எப்படியோ காதுக்குப் போயிருக்கிறது. உட்காருவதற்கு முன்பே அட்டையைப் படம் எடுத்தாள்.

"தங்கச்சி இதுக்குப் பக்கத்துல நின்னு ரெண்டு வார்த்தை பேசட்டும்க்கா. கொஞ்சம் அழுதா வீடியோ நல்லா போகும்."

"பணம் குடுப்பீங்களா?"

"நாங்க அப்படி பிச்சை போட மாட்டோம்க்கா. எங்க கொள்கையே வேற. நாங்க ஆட்சிக்கு வந்தா கட்டணமே இருக்காது, கடனும் தள்ளுபடி."

"திங்கக்கிழமைக்குள்ள வந்துருவீங்களா?"

 ரூபினி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒருத்தனுக்கு இவள் சிரிக்க வேண்டும், இன்னொருத்திக்கு அழ வேண்டும். இவள் படிப்பது மட்டும் ஒருத்தருக்கும் வேண்டாம். தூ!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் கட்சி வேன் வந்து நின்றது. யுகேந்திரன் இறங்கினான். குணாளன் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே ஓடினார். "பாத்தியா? நான் சொன்னேன்ல? வந்துட்டாங்க பாரு!" அறையிலிருந்து ரூபினி வந்தாள். பெட்டியில் துணியெல்லாம் அடுக்கி வைத்திருந்தாள் பாவி மகள். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து, வெட்கமில்லாமல் நானும் ஒரு நிமிஷம் நம்பினேன். காப்பி போடட்டுமா என்றுகூடக் கேட்டேன்.

"வேணாம்க்கா, அவசரம். அண்ணே, அந்த அட்டை வேணும். நாளைக்கு மூவார்ல நிகழ்ச்சி. புதுசா அடிக்க நேரமில்ல. பேரு ஸ்டிக்கர்தான், மேல வேற பேரை ஒட்டிக்கலாம்."

குணாளன் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். "தம்பி... பணம்?"

"தேர்தல் முடியட்டும்ணே. டத்தோ மறக்க மாட்டாரு. ஆங், நாளைக்கு நீங்களும் வந்துருங்க. கூட்டம் பத்தாது."

இப்போதாவது இந்த மனிதர் ஒரு அறை விடுவார் என்று நினைத்தேன். ஒரு கெட்ட வார்த்தையாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். டத்தோவின் முகத்தில் படிந்திருந்த தூசியைத் துடைத்தார். பிறகு யுகேந்திரன் ஒரு முனையைத் தூக்க, இவர் மறுமுனையைத் தூக்கினார்.

வாசல் கதவில் அட்டை இடித்தது. ரூபினி போய்க் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"பாத்துப்பா" என்றாள். "மூலை மடங்கிடப் போவுது. அடுத்த பொண்ணுக்கு வேணும்."

குணாளன் நிமிர்ந்து பார்க்கவில்லை. வேன் போன பிறகு அவர் வாசலிலேயே நின்றார். நான் போய் மின்விசிறியைப் போட்டேன். சுவிட்ச் சுலபமாகக் கைக்கு எட்டியது.

மறுநாள் காலையில் அவர் கட்சிச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு மூவாருக்குப் போனார், கை தட்டுவதற்கு. நான் ஃபேக்டரி பஸ் ஏறினேன். சூப்பர்வைசர் ஏற்கெனவே ஆள் கேட்டுக்கொண்டிருந்தார். ரூபினி என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, காலர் தைக்க எத்தனை நாளில் பழகும் என்று கேட்டாள்.