உவர்

யசிந்தாவின் கதையைத் திரையில் திறந்ததும் பக்கம் முழுவதும் சிவந்தது. ஏறக்குறைய எல்லா வரிகளின் கீழும் நெளிகோடுகள். குளத்துத் தண்ணீரில் ஒரு சொட்டை முதன்முதலாக நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்த நாள் ஜெயந்தினிக்கு நினைவு வந்தது. அன்றும் இப்படித்தான் எல்லாம் நெளிந்தன. இவ்வளவு பிழையா என்று அவளுக்கு உள்ளூர ஓர் ஆறுதல் ஏற்பட்டது.

பக்கத்தில் தன் கதையையும் திறந்தாள். ஒரு கோடும் இல்லை.

திருநெல்வேலிச் சந்தைக்கு அருகே, போட்டோக்கொப்பிக் கடைக்கு மேலே இருந்த சின்ன அறைதான் சஞ்சிகையின் அலுவலகம். மயூரதன் ரியூட்டரியில் கணிதம் படிப்பித்துக்கொண்டு அதை நடத்தினான். விலங்கியல் பட்டம் முடித்து வேலைக்குக் காத்திருக்கும் ஜெயந்தினி பின்னேரங்களில் தெல்லிப்பழையிலிருந்து வந்து பிழை திருத்திக் கொடுப்பாள். இந்த இதழில் ஒரு கதைக்குத்தான் இடம் மிச்சம். இருந்தவை இரண்டு: அவளுடையதும், அவளோடு ஒரே வகுப்பில் படித்த குருநகர் யசிந்தாவினுடையதும்.

"ரண்டையும் உந்தத் திருத்தியிலை போட்டு, பிரின்ட் எடுத்து வையும் தங்கச்சி. வகுப்பு முடிஞ்சு வந்து ஆறுதலா வாசிச்சிட்டு ஒண்டை எடுப்பம்" என்று மயூரதன் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

அவளுடைய கதையை அவன் முன்பே ஒருமுறை வாசித்திருந்தான். "ஒரு பிழையும் இல்லை" என்றான். அதைப் பாராட்டு என்று நினைத்து அவள் வீடு வரைக்கும் பஸ்ஸில் கொண்டுபோனாள். இன்று யசிந்தாவின் கதை வந்தபோது முதற்பக்கத்தைக் கைபேசியில் வாசித்துக்கொண்டே படியிறங்கியவன், பாதிப் படியில் நின்று சத்தமாகச் சிரித்தான். பிழையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

யசிந்தாவின் கதையில் ஒரு மீனவனின் மனைவி பக்கத்து வீட்டு அக்காவிடம் புருசனைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். இழுவைப் படகுகள் அறுத்த வலையை அவன் திரும்பத் திரும்பப் பொத்துகிறான். வாய் திறப்பதில்லை. கதை அவ்வளவுதான்.

பிழைதிருத்தும் மென்பொருள் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டது. உவளா? அவள் அல்லது இவள் என்று எழுதுக. அதைச் செய்தவர்களுக்கு அங்கேயும் இங்கேயும் மட்டும் போதும்போல. நடுவில் நிற்கிறவளை, பேசுகிற இருவருக்கும் தெரிந்தவளை, அதற்குத் தெரியவில்லை.

"உவர் உப்பிடித்தான் அக்கா. கடலாலை வந்தா ஒரு சொல்லுக் கதையார்."

இந்த வரியில் பேச்சுச் சொற்களெல்லாம் சிவப்பு, 'உவர்' மட்டும் தப்பியிருந்தது. ஏன் என்று யோசித்தாள். பரீட்சைத் தாள்களில் அவளே எத்தனையோ தடவை எழுதிய உவர்நீர்தான். மென்பொருள் அந்தப் புருசனை உப்பு என்று நினைத்து விட்டுவிட்டது. 'உப்பிடித்தான்' என்பதற்கு 'உப்பிட்டுத்தான்' என்று வேறு எழுதச் சொன்னது.

ஜெயந்தினி தனியே சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. கடலால் உப்புப் பூத்து வருகிறவனை ஒருத்தி உவர் என்கிறாள். யசிந்தா இதை யோசித்து எழுதினாளா, தானாக வந்ததா? தானாக வந்திருந்தால் அது இன்னும் மோசம்.

கைபேசி அடித்தது. யசிந்தாதான்.

"எடி, என்ரை கதை உன்னட்டைத்தானே இருக்கு? உன்ரை மெசின் கீறித் தள்ளியிருக்குமே!"

"கொஞ்சம்."

"கொஞ்சமோ? அம்மாவாணை?"

"நிறைய."

யசிந்தா சிரித்தாள். பின்னால் பஸ் கோர்ன் கேட்டது. "பருத்தித்துறை பஸ்ஸிலை தொங்கிக்கொண்டு நிக்கிறன். நீ பாத்துத் திருத்தடி. எங்கடை வகுப்பிலையே பிழை விடாதவள் நீதானே. எனக்குச் சொல்லிக்கொண்டு நிக்காதை."

தொடாதே என்று சொல்லியிருந்தால் இலகுவாக இருந்திருக்கும்.

'அனைத்தையும் மாற்று' என்பதை அழுத்தினாள். சிவப்பு அணைந்தது. உளறியிருந்த இடங்களைத் தன் கையால் சரிசெய்தாள். மென்பொருள் விட்டுவைத்த 'உவர்' எல்லாவற்றையும் அவளே 'அவர்' ஆக்கினாள்.

"அவர் அப்படித்தான் அக்கா. கடலிலிருந்து வந்தால் ஒரு சொல்லும் பேசமாட்டார்."

ஒரு பிழையும் இல்லை. இரண்டு கதைகளையும் அருகருகே வைத்து வாசித்தாள். இரண்டிலும் ஒரே பெண் பேசினாள், வானொலியில் செய்தி வாசிப்பவளைப்போல. அந்தப் பெண் தன்னுடையவள் என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. இவளை வாசித்து எவனும் பாதிப் படியில் நிற்கமாட்டான்.

செய்ததை மீளப்பெறும் விசைகளை அழுத்தினாள். மறுபடி, மறுபடி. உவர் வந்தார். உவள் வந்தாள். சிவப்புக் கோடுகள் பக்கம் முழுவதும் திரும்பி வந்தன. ஒவ்வொன்றையும் அவள் வெறுத்தாள். விரலை மட்டும் எடுக்கவில்லை.

கதையின் கடைசி வரி வரைக்கும் இறங்கிப் போனாள்.

"உவர் ஒண்டும் கதையாமல் வளையைக் கொண்டுவந்து என்ரை காலடியிலை வைச்சார்."

வளையை.

இவ்வளவு நேரமும் அவளுடைய கண் அதை வலை என்றே வாசித்திருந்தது. ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழ் எடுக்கிறவள் யசிந்தா. கைபேசி எடுத்துக் கொடுத்ததை அவள் பார்க்கவில்லை. வலை என்றால் அவன் கடலை விட்டுவிட்டான். வளை என்றால் பெண்சாதிக்குக் காப்பு வாங்கி வந்திருக்கிறான், படத்தின் கடைசிக் காட்சிபோல. மென்பொருளுக்கு இரண்டும் சரியான சொல்.

இந்தப் பிழை ஜெயந்தினி செய்ததில்லை. அவள் ஒன்றும் செய்யத் தேவையில்லை. இப்படியே பிரின்ட் எடுத்தால், மயூரதன் கடைசிப் பக்கத்துக்கு வந்து உதட்டைப் பிதுக்குவான். மற்றக் கதையை எடுப்பான்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

"முடிஞ்சுதே தங்கச்சி?"

"ஓம் அண்ணை" என்றாள்.

திரையில் 'ளை' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் செங்குத்துக் கோடொன்று மின்னி மின்னி நின்றது. சொல்லின் கீழே வெறும் வெள்ளை.