பக்கத்து அறைக்கு அனுமதி

1996 அக்டோபர் மழை லிங்கராஜபுரத்தை விடுவதாக இல்லை. ஆதிகேசவனின் மாடி அலுவலகத்தில் கூரை ஒழுகியது, அதுவும் சரியாகக் கம்ப்யூட்டருக்கு மேலே. அந்தத் தண்ணீருக்கு வேறு இடமே கிடைக்கவில்லை.

ஜெர்மன் கம்பெனி ஒன்றுக்கு மென்பொருள் எழுதித் தருவதற்காக வரிவிலக்கோடு வரவழைத்த இயந்திரம் அது. வரிவிலக்கு பெற்றதால், வரைபடத்தில் குறித்த இடத்தை விட்டு சுங்க இலாகாவின் எழுத்து அனுமதி இல்லாமல் நகரக்கூடாது. மீறினால் உரிமம் போய்விடும். வெள்ளிக்கிழமைக்குள் வேலையை முடித்தால் மூன்று வருட ஒப்பந்தம். இல்லையென்றால் அவரை நம்பி வந்த நான்கு பேரும் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

திங்களன்றே மனு கொடுத்தார். அதிகாரி ஒரு வாரம் விடுப்பில் இருந்தார். கையெழுத்துப் போட வேறு ஆள் இல்லை.

“சார், பக்கத்து ரூம் ஏழடி தூரம். நானும் ரவியும் தூக்கி வெச்சிடறோம். யாரு வந்து பாக்கப் போறாங்க?” என்றாள் வீணா. அந்த மென்பொருளில் பாதி அவள் எழுதியது.

“வேணாம்மா. மேப்ல இந்த இடந்தான் குறிச்சிருக்கு.”

பயந்தாங்கொள்ளி என்று அவரைச் சொல்லிவிடலாம். ஆனால் அவர் பதினெட்டு வருடம் அரசுத் தொழிற்சாலையில் இருந்தவர். கேட் பாஸ் இல்லாமல் ஒரு திருகாணியைக்கூட வெளியே கொண்டு வந்ததில்லை.

பாலித்தீன் போர்த்தினால் இயந்திரம் சூடேறி நின்றுவிடும். அதனால் ரவி குடை பிடிக்க, வீணா தட்டச்சு செய்தாள். அவனுக்குக் கை வலித்தால் ஆதிகேசவனே குடையை வாங்கிக்கொண்டார். மூன்று நாள் அப்படியே ஓடியது. வியாழன் மதியம் கூரையின் காரை பெயர்ந்து, தேங்கிய தண்ணீரோடு மொத்தமாக விழுந்தது. குடை மடங்கியது, இயந்திரம் புகைந்து அணைந்தது. எழுதியதெல்லாம் டேப்பில் பத்திரமாக இருந்தது. ஓட்டிப் பார்க்க அந்த ரக இயந்திரம் ஊரில் வேறு இல்லை. பழுதுபார்க்க வெளியே எடுத்துப் போவதற்கும் அனுமதி வேண்டும்.

வெள்ளி மாலை ஜெர்மனியிலிருந்து நான்கு வரி ஃபேக்ஸ் வந்தது. மிக மரியாதையாக வேலையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த திங்கள் அதிகாரி தானே நேரில் வந்தார். நல்ல மனிதர்தான். “சில பேரு இந்த மாதிரி மெஷினை வாங்கி வெளிய வித்துட்டாங்க சார். அதுக்குத்தான் இவ்ளோ கெடுபிடி,” என்றவர், வரைபடத்தை விரித்துச் சரிபார்த்தார்.

“ஒரு இஞ்ச்கூட நகரல. எல்லாரும் உங்கள மாதிரி இருந்துட்டா நல்லது. இந்தாங்க பர்மிஷன், இன்னிக்கே மாத்திக்குங்க.”

பக்கத்து அறையில் வீணா தன் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தாள். ஒழுங்காக நடந்துகொண்டதற்காக ஆதிகேசவன் வாழ்நாளில் முதல்முறையாக வெட்கப்பட்டார். கடிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அந்த அறையின் தரை சொட்டு ஈரமில்லாமல் காய்ந்து கிடந்தது.