பூசாரி வீடு

ரெட்டியபட்டிப் பக்கத்து அந்த ஊரில் யாரைக் கேட்டாலும், காளியம்மன் கோயிலை ஒட்டிய ஓட்டு வீட்டைக் காட்டி, "அதான் பூசாரி வீடு" என்பார்கள். சுவரில் அப்படித்தான் எழுதியிருந்தது. கரண்ட் பில்லும் அந்தப் பெயரில்தான் வந்தது. பூசாரி இருளப்பசாமி மட்டும் குடும்பத்தோடு ஊர்க் கடைசியில் தகரக் கொட்டகையில் கிடந்தார். சாவி கோயில் டிரஸ்டி பாண்டீஸ்வரனின் இடுப்பில் கிடந்தது. வீட்டுக்குள் அவருடைய உர மூட்டைகள்.

வருசத்தில் எட்டே நாள்தான் அந்த வீடு பூசாரிக்கு. பங்குனியில் அம்மன் பொங்கலுக்குக் கையில் காப்புக் கட்டியவர், அதை அவிழ்க்கும்வரை அங்கேதான் தங்க வேண்டும். மீறினால் ஆத்தா குத்தம்.

இந்த வருசம் கதவைத் திறந்ததும் பூசாரி மனைவி கனகலட்சுமி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். மூட்டைகளை எடுத்திருந்தார்கள். பிராந்தி பாட்டிலும் சப்பித் துப்பிய கோழி எலும்பும் அப்படியே கிடந்தன. மூலையில் மூத்திர நாற்றம். ஆத்தா படத்துக்கு நேர் கீழே வெற்றிலை எச்சில். தூ, சோற்றைத் தின்கிற ஜென்மங்கள் செய்கிற வேலையா இது! பல்லைக் கடித்துக்கொண்டு கழுவினாள். நாலு பாட்டில் பினாயிலுக்கும் அந்த வீச்சம் அடங்கவில்லை.

மகளின் ஆறு மாதப் பிள்ளைக்குத் தகரச் சூட்டில் உடம்பெல்லாம் வேனல் கட்டி. இன்னும் அங்கே போட்டால் பிள்ளை தாங்காது என்று திருச்சுழி டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஓட்டு வீட்டில் இந்த எட்டு நாளும் அது அழாமல் தூங்கியது. கோடை முடியும்வரை இருந்துகொள்கிறோம் என்று கேட்டதற்குப் பாண்டீஸ்வரன் சிரித்தார்.

"பூசாரி வீடுன்னா கோயில் வீடு தாயி. ஒங்க வீடா?"

எட்டாம் நாள் காலையிலேயே உர மூட்டையோடு டிராக்டர் வாசலில் வந்து நின்றது. காப்பு அவிழ்ப்பதைப் பார்க்க ஊரும் கூடியிருந்தது.

"சட்டுனு காப்ப அவுத்துருங்க பூசாரி. லோடு நிக்குது," என்றார் பாண்டீஸ்வரன்.

இருளப்பசாமி வழக்கம்போலத் தலையாட்டிக்கொண்டே முடிச்சில் கை வைத்தார். அந்தத் தலையாட்டலும் கனகலட்சுமிக்கு அருவருப்பாக இருந்தது. எட்டி மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அவுக்காதீக. அவுத்தாத்தான வெளிய போகணும்? பிள்ளைக்குக் கட்டி ஆறட்டும்."

அவர் அவளைப் பார்த்தார். உள்ளே தூங்கும் பிள்ளையைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார். காப்போடு நிற்கிற பூசாரியை வெளியே போகச் சொல்ல ஊரில் எவனுக்கும் வாய் வரவில்லை.

பாண்டீஸ்வரனுக்கு முகம் செத்துவிட்டது. "அப்ப மூட்டைய எங்க எறக்க?"

"எங்க கொட்டக சும்மாத்தான் கெடக்கு, அங்க எறக்குங்க அண்ணாச்சி," என்றாள் கனகலட்சுமி. "அதுவும் பூசாரி வீடுதான்."