சடங்கு வீட்டு வீடியோ

சீசன் தொடங்கிவிட்டால் எனக்கு குற்றாலம் ஐந்தருவியில் பெண்கள் குளிக்கும் பக்கம்தான் டூட்டி. ஹெட் கான்ஸ்டபிள் என்று சட்டையில் மூன்று பட்டை இருந்தாலும் செய்கிற வேலை விசில் ஊதுவது. ‘ஏம்மா, போனை உள்ளே வை.’ ‘ஏ தம்பி, அந்தப் பக்கம் திரும்பு.’ ‘உன் பிள்ளையை எடுக்கேன்னு சொல்லிட்டு பக்கத்துல குளிக்கவளை ஏன் எடுக்கே?’ காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் மத்தியானத்துக்குள் தொண்டை கட்டிவிடும். ஈர ஷூவுக்குள் நின்று நின்று விரல் இடுக்கெல்லாம் புண். நாலு வருஷமாக ஊதுகிறேன். போன்கள் கூடியிருக்கின்றனவே தவிர குறைந்தபாடில்லை.

சீசன் இல்லாத மாதங்களில் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்புவார்கள். விழிப்புணர்வுக் கூட்டம். முன்னூறு பிள்ளைகளை மரத்தடியில் உட்கார வைத்து, முன்பின் தெரியாதவனுக்குப் போட்டோ அனுப்பாதே, பாஸ்வேர்டைச் சொல்லாதே, ஏதாவது என்றால் முதலில் அம்மாவிடம் சொல் என்று பேசுவேன். நன்றாகப் பேசுவேன் என்று எனக்குப் பெயர். கடைசியில், “என் மகளுக்கு பதிமூணு வயசு. இன்னும் போன் வாங்கித் தரலை. ஒரு குறையும் இல்லாம இருக்கா” என்று முடிப்பேன். டீச்சர்மார் கைதட்டுவார்கள்.

அந்தக் குறையில்லாத மகள் சுஜிதா, ஜூலை மாதம் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டாள்.

முதலில் வயிற்றுவலி என்றாள். அப்புறம் தலைவலி. தென்காசியில் டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். என் வீட்டுக்காரர் எலுமிச்சை வியாபாரம், வாரத்தில் பாதி நாள் சிவகிரிப் பக்கம்தான். அவரிடம் போனில் சொன்னால், “சரியாப் போகும், விடு” என்பார். ஒன்பதாம் நாள் காலை நானே யூனிபார்மை எடுத்துக்கொண்டு போனேன். அவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் இனி படிக்கலை. என்னை விட்டிரும்மா.”

எட்டாம் வகுப்பு. வகுப்பில் இரண்டாவது ரேங்க். அடிக்கக் கையை ஓங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஓங்கிய கையை இறக்கியது பாசத்தினால் இல்லை, டூட்டிக்கு நேரமாகிவிட்டது.

அன்றைக்கு வகுப்பு டீச்சர் ஜெயசித்ரா போன் செய்தார். அருவிச் சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை. கார் நிறுத்துமிடம் வரை நடந்துபோய்ப் பேசினேன்.

“சுஜிதாவோட சடங்கு வீடியோ யூடியூப்ல இருக்கு, தெரியும்லா மேடம்?”

“தெரியும் டீச்சர்.”

“இங்கன பையங்க எல்லாரும் பாத்திருக்கானுவ. அதைச் சொல்லியே பிள்ளையைக் கிண்டல் பண்ணுதானுவ. ரெண்டு பேரைக் கண்டிச்சேன். எத்தனை பேரைக் கண்டிக்க? அதை எடுத்திட்டீங்கன்னா நல்லது.”

தெரியாமல் எப்படி இருக்கும்? அவள் பெரியவளானதுக்கு மே மாதம் இலத்தூர் மண்டபத்தில் சடங்கு வைத்தோம். ராணுவத்தில் இருக்கும் என் தம்பி விஜய்பாண்டி அதற்கென்றே லீவு போட்டு ராஜஸ்தானிலிருந்து வந்தான். தாய்மாமன் சீரைக் கொட்டுமேளத்தோடு, குதிரை வண்டியோடு, மேலே டிரோன் பறக்கக் கொண்டுவந்தான். வாசலில் இருபதடிக்கு பிளெக்ஸ். அதில் என் மகளின் படம், பெயர், படிக்கிற வகுப்பு, பள்ளிக்கூடத்தின் பெயர். எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளையின் சடங்கை அடக்கமாகச் செய்தால் வீட்டில் என்னவோ கஷ்டம் என்று பேசுவார்கள். நாங்கள் அடக்கமாகச் செய்யவில்லை. கேமராக்காரர் அவளைப் பூப்பந்தலுக்கு அடியில் ஏழெட்டுத் தடவை நடக்கவிட்டார். “இது எல்லாரும் பாப்பாங்களாம்மா?” என்று அவள் ஒரு தடவை கேட்டாள். “சும்மா சிரிட்டி” என்றேன். அவள் சிரித்தாள்.

இரண்டு மணிக்கு டூட்டி முடிந்ததும் யூனிபார்மோடு தென்காசிக்குப் போனேன். ஸ்டுடியோ வைத்திருக்கும் முத்துச்செல்வம் ஏதோ கல்யாண ஆல்பம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, எங்க வீட்டு வீடியோவை எடுத்திருங்க.”

“ஏன் மேடம், நல்லாப் போய்க்கிட்டிருக்கே. மூணு லட்சம் பேர் பாத்திருக்காங்க. நம்ம சேனல்லயே அதுதான் முதல்ல நிக்குது.”

“மூணு லட்சம் பேருக்கு நாங்க இலை போடலையே.”

அவர் சிரிக்கவில்லை. “உங்க தம்பிகிட்ட கேட்டுத்தான் போட்டேன். நீங்களும் நல்லா வந்திருக்குன்னு சொன்னீங்க. பிள்ளை மூஞ்சியைக் காட்டாம வீடியோ எடுன்னா எவன் எனக்கு ஆர்டர் குடுப்பான், சொல்லுங்க? ஊர்ல எல்லாரும்தான் போடுதாங்க.”

இரண்டு நாற்காலி போட்ட அந்தச் சின்னக் கடையில், யூனிபார்மில் நின்று, தயவுசெய்து என்று சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார். தம்பிக்குத் தகவல் சொன்னதும் அவன் கத்தினான். “ஊர் பாக்கட்டும்னுதானக்கா செஞ்சேன்? இதென்ன திருட்டுக் காரியமா, மறைச்சு வைக்க?” போனை வைத்துவிட்டேன். இந்த ஒரு நாளில் நான் ஒருவரிடமும் ஜெயிக்கவில்லை. ஆனாலும் வீடியோ போய்விட்டது, பிள்ளை பள்ளிக்கூடம் போவாள், அது போதும் என்றிருந்தது.

வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் சொன்னேன்.

“அதை எடுத்தாச்சுட்டி. திங்கட்கிழமை கிளம்பிரு.”

சுஜிதா தலையை நிமிர்த்தவில்லை. “நான் அதைச் சொல்லலை.”

“பின்ன எதைச் சொல்லுதே?”

“உன் போனைத் தா.”

போனே இல்லாத பிள்ளையின் விரல் என் போனில் என்னைவிட வேகமாகப் போனது. என்னுடைய ஃபேஸ்புக்கைத் திறந்தாள். அதே வீடியோவை, சடங்கு முடிந்த மறுவாரம், ‘எங்கள் வீட்டு இளவரசி’ என்று எழுதி நானே போட்டிருந்தேன். அதோடு வாசல் பிளெக்ஸின் படத்தையும். கீழே இருநூற்றுச் சொச்சம் வாழ்த்துகள். ஒவ்வொரு வாழ்த்துக்கும் அடியில் என் பதில்.

சடங்கு வீட்டில் வாசலில் நின்று வருகிறவர்களையெல்லாம் கும்பிட்டுக் கூப்பிட வேண்டும். போகும்போது மறுபடி கும்பிட வேண்டும். ஒருவரை விட்டுவிட்டால், ‘எங்களைக் கண்டுக்கவே இல்லை’ என்று பத்து வருஷத்துக்குச் சொல்லிக்காட்டுவார்கள். போனில் வந்தவர்களையும் நான் அப்படித்தான் கும்பிட்டேன். சீசன் தொடங்கிய பிறகும் அருவிக்கரையில் சோற்றுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஒருவரையும் விடாமல், நன்றி, நன்றி என்று தட்டிக்கொண்டே போனேன். எல்லோருக்கும் பதில் போட்டு முடித்த அன்று பெரிய வேலை ஒன்று முடிந்த நிம்மதி.

சுஜிதா ஓர் இடத்தில் விரலை வைத்தாள். கூலிங் கிளாஸ் போட்ட ஓர் ஆள். நாற்பது வயதிருக்கும். நான் பார்த்ததே இல்லை. ‘இன்னும் அஞ்சு வருஷம் யார் காத்திருப்பா, ஸ்கூல் வாசல்ல இருந்து இப்பவே தூக்கிட்டுப் போயிருதேன்’ என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழே காளீஸ்வரி சுந்தரபாண்டியன் என்று என் பெயர். ‘மிக்க நன்றி சகோதரரே.’ பக்கத்தில் கூப்பிய இரண்டு கைகள்.

“பையங்க என்னைப் பாத்தாலே கையைக் கூப்புதானுவ. மிக்க நன்றி சகோதரரேங்கானுவ. தண்ணி குடிக்கப் போனாக்கூட.”

“எங்கிட்ட ஏன்டி சொல்லலை?”

“உங்கிட்ட எப்படிச் சொல்ல? நீதான் அவனுக்கு நன்றி சொல்லியிருக்கியே. உனக்குத் தெரிஞ்ச ஆளு போல, நீ ஏதோ பேசி வச்சிருக்கேன்னு நினைச்சேன். அவன் ஸ்கூல் கேட்டுக்கு வந்து நின்னா நான் யார்கிட்டம்மா ஓட?”

பெற்ற தாயைப் பற்றி ஒரு பிள்ளை அப்படி நினைத்துக்கொண்டு ஒன்பது நாள் அதே வீட்டில், நான் போட்ட சோற்றைத் தின்றிருக்கிறது. நான் அழுதேன். அவள் அழவில்லை. அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

“அவன் மேல கேஸ் குடுப்போம்ட்டி. நாளைக்கே குடுப்போம்.”

“குடு. ஆனா நீ செஞ்சதையும் சேத்து எழுதிக் குடு. குடுத்தா ஸ்கூலுக்குப் போகுதேன்.”

வேலைப் பழக்கத்தில், அழிப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டேன். பிறகு அந்தப் பதிவை அழித்தேன். அழித்த பிறகும் அது எத்தனை பேர் போனில் கிடக்கிறதோ, அதை நினைத்தால் விசிலை எங்கே நின்று ஊதுவது என்றே தெரியவில்லை.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு, சேலை கட்டிக்கொண்டு அவளையும் கூட்டி தென்காசி சைபர் கிரைம் ஆபீசுக்குப் போனேன். எஸ்.ஐ. மெஹர் பானு மேடம் என்னைவிட பத்து வயது இளையவர். பள்ளிக்கூடக் கூட்டங்களில் நான் பேசக் கேட்டிருக்கிறார். ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“கீழே இந்தப் பதில் போட்டிருக்கது யாரு?”

“நான்தான் மேடம்.”

அவர் என்னைப் பார்த்தார். சுஜிதாவைப் பார்த்தார். வெள்ளைத்தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். “எல்லாத்தையும் எழுதுங்க ஏட்டம்மா.”

ஊரார் கொண்டுவந்த புகார்களை நான் நூற்றுக்கணக்கில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எந்த வார்த்தையைப் போட்டால் ஆள் தப்பிக்கலாம் என்று என் கைக்குத் தெரியும். கை அதன்பாட்டுக்கு எழுதியது. ‘மேற்படி நபரின் பதிவுக்கு நான் அறியாமல் நன்றி தெரிவித்துவிட்டேன்.’

தோளுக்குப் பக்கத்தில் சுஜிதாவின் மூச்சு கேட்டது. அவள் வாசித்துக்கொண்டிருந்தாள்.

“‘அறியாமல்’ இல்லம்மா. ‘படிக்காமல்’னு போடு.”

மெஹர் பானு மேடம் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அந்த வார்த்தையை அடித்து, மேலே ‘படிக்காமல்’ என்று எழுதி, அடித்த இடத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டேன். பள்ளிக்கூடத்தின் பெயரை வெளியிட்டதும் நான்தான் என்று அடுத்த வரியில் அவள் சொல்லாமலே எழுதினேன். எழுதி முடித்து, அடியில் முழுக் கையெழுத்துப் போடப் போனேன்.

சுஜிதா தாளை என் கையிலிருந்து இழுத்துக்கொண்டாள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விரலை ஓட்டி, அவசரப்படாமல் படித்தாள். எனக்கு முதுகு வலித்தது. அவள் படித்து முடிக்கும் வரை நின்றேன். பிறகு தாளை என் முன்னால் வைத்தாள்.

“இப்பம் போடு.”