பள்ளத்து ஆள்

ஆண்டுக் கூட்டத்துக்குக் கட்டாயம் வந்துவிடுங்கள் என்று சசிரேகா ஒரே வாரத்தில் இரண்டு தடவை வீடு தேடி வந்து சொன்னாள். ஓர் ஆளை அத்தனை அக்கறையாகக் கூப்பிட்டால் அவனிடமிருந்து எதையோ பிடுங்கப் போகிறார்கள் என்று அர்த்தம். எனக்கு அது தெரியும்.

சசிரேகா பால்வாடி டீச்சர். சேர்வராயன் லெவன் ரசிகர் சங்கத்துக்குச் செயலாளரும் அவள்தான். சேர்வராயன் லெவன் என்பது எங்கள் தலைச்சோலைப் பையன்களின் கால்பந்து டீம். ஜெயித்தது குறைவு. தோற்றால் மழை என்பார்கள், ரெஃப்ரி என்பார்கள், ஏற்காட்டுப் பையன்கள் போட்டிருக்கும் பூட்ஸ் என்பார்கள். டீம் எப்படியோ, சங்கம் ஒழுங்காக நடக்கிறது. வருஷத்துக்கு ஓர் ஊர் வேலை செய்வோம். ஸ்கூலுக்கு வெள்ளையடித்தோம். கரடியூர்ப் பாதையில் உண்ணிச்செடி வெட்டினோம். அடுத்து என்ன வேலை என்பதை ஆண்டுக் கூட்டத்தில்தான் முடிவு செய்வது.

எங்கள் கிரவுண்டு மலைச்சரிவை வெட்டிச் சமன் செய்தது. ஒரு பக்கம் ரோடு, மறு பக்கம் பள்ளம். பந்து பள்ளத்துப் பக்கம் போனால் காப்பிச் செடிகளுக்குள் உருண்டு ஓடை வரைக்கும் போய்விடும். அதனால் மேட்ச் நடக்கும்போது பள்ளத்தில் இரண்டு ஆள் நின்று பந்தை மறித்து மேலே எறிய வேண்டும். நானும் ஆறுமுகமும் நின்றோம். நான் வெள்ளாமைக்காரன், அவன் எஸ்டேட்டில் மருந்தடிக்கிறவன். வேறு எதிலும் எங்களுக்கு ஒத்துப்போகாது.

பள்ளத்திலிருந்து பார்த்தால் மண்ணும் வானமும்தான் தெரியும். மேட்ச் தெரியாது. மேலே கத்துகிற சத்தத்தை வைத்து ஆறுமுகம் எனக்குச் சொல்வான். பெரும்பாலும் தப்பாகத்தான் சொல்வான். கோல் என்று குதிப்பான், கேட்டால் நாய் உள்ளே வந்து பையன்கள் விரட்டியிருப்பார்கள். நான் திட்டுவேன். அவனும் திட்டுவான். அப்படியே பொழுது போகும்.

முழங்கால் வலி தாங்காமல் ஆறுமுகம் சேலத்துக்கு மகன் வீட்டுக்கு இறங்கிவிட்டான். போன் செய்கிறேன் என்றான், செய்யவில்லை. அவன் முதலில் செய்யட்டும் என்று நானும் செய்யவில்லை. என் பெண்சாதி முத்தாயி அதற்கு முந்தியே போய்ச் சேர்ந்துவிட்டாள். வாரம் முழுக்க நான் பேசுவது மாட்டிடமும் மிளகுக் கொடியிடமும்தான். ஞாயிற்றுக்கிழமை பள்ளத்தில் நின்றால் மேலேயிருந்து யாராவது, "சித்தண்ணா, பந்து!" என்று கத்துவார்கள். சித்தன் என்ற பேரை அந்த ஒரு நாள்தான் நான் காதால் கேட்பது. எனக்குக் கால்பந்து பிடிக்குமா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்த இடம் வேண்டும். அவ்வளவுதான்.

பொங்கல் போட்டியில் தனியாக நின்றேன். ஒரு பந்து என்னைத் தாண்டிப் போய்விட்டது. ஓடைக்கு இறங்கித் தேடி எடுத்து வருவதற்குள் மேட்ச் நின்று, வெளியூர்க்காரர்கள் சிரித்து, விசிலடித்து, ஒரே அமர்க்களம். அப்போதே நினைத்தேன், இதை வைத்து ஏதாவது செய்வார்கள் என்று.

நினைத்ததுதான் நடந்தது. டீக்கடையில் காதில் விழுந்தது. இந்த வருஷ ஊர் வேலையாகப் பள்ளத்து ஓரம் நெடுகக் குழாய் நட்டு வலை கட்டப் போகிறார்களாம். வலையை யார் தருகிறார்கள் என்று விசாரித்தேன். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் காட்டேஜ் கட்டுகிற பெங்களூர்க்காரன். சரி, பிடி கிடைத்தது என்று இருந்தேன்.

கூட்டம் கிரவுண்டில்தான் நடக்கும். ஓட்டுப் போட எங்களுக்கு ஒரு முறை உண்டு. கை தூக்கச் சொன்னால் சில பேர் பாதி தூக்கிவிட்டு எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர் முகத்தைப் பார்ப்பார்கள். அதனால் காலால் ஓட்டு. சரி என்கிறவர்கள் ரோட்டு வளைவுப் பக்கத்துக் கோலுக்குப் போய் நிற்க வேண்டும். வேண்டாம் என்கிறவர்கள் கோயில் பக்கத்துக் கோலுக்கு. நடந்து போய் நின்ற பிறகு யாரும் இல்லையென்று சொல்ல முடியாது.

சங்கத் தலைவர் அன்பழகன். அவர்தான் அந்த ரைட்டரும். வலை விஷயத்தை எடுத்தார்.

"சித்தண்ணனுக்கும் வயசாச்சுங்க. பள்ளத்துல அட்டைக்கடியில நின்னது போதும். இனிமே மேல சேர்ல உக்காந்து மேட்ச் பாக்கட்டும்" என்றார்.

எல்லோரும் கை தட்டினார்கள். நான் எழுந்தேன்.

"வலை யார் குடுக்கறாங்க, அதச் சொல்லுங்க முதல்ல."

"காட்டேஜ்காரருங்க."

"பாத்தீங்களா! அவன் எடத்துக்குள்ள நாம கால் வெக்கக் கூடாதுன்னு வலை குடுக்கறான். இன்னைக்கு வலை, நாளைக்குக் கம்பி வேலி. அப்பறம் ஓடைக்குப் போற தடமும் போச்சு. இத நீங்க மூடி மறைக்கறீங்க."

யாரும் பதறவில்லை. மாதேஸ்வரன்தான் சிரித்தான். அவன் ஜீப் ஓட்டுகிறவன், எப்போதும் வாயடிப்பான்.

"ஏனுங்ணா, இதுல மறைக்க என்ன இருக்குது? காட்டேஜ்காரரு குடுக்கறாருன்னு போன மாசமே வாட்ஸப்புல போட்டாச்சுங்களே. ஓடைத் தடத்த அவரு அடைக்க மாட்டாருன்னு எழுதியும் வாங்கியாச்சு. எல்லாருக்கும் தெரியும்."

"எனக்கு யாரும் சொல்லல."

"உங்ககிட்ட இருக்கறது பட்டன் போனு. அதுல பாம்பு விளையாட்டுத்தான் வரும்."

சிரித்தார்கள். சசிரேகா அவனை அதட்டினாள்.

"பெரியப்பா, நான் ரெண்டு தடவ உங்க ஊட்டுக்கு வந்தது இதச் சொல்லத்தானுங்க. நீங்க உள்ளயே கூப்புடல. கூட்டத்துக்கு வாங்கன்னு சொன்னதுமே கதவச் சாத்திட்டீங்க."

அது நிஜம்தான். பையில் ஒளித்து வைத்துக்கொண்டு வந்த ஒன்றை எடுத்தால் ஊரில் எல்லார் கையிலும் அதே இருக்கிறது. அப்படி இருந்தது எனக்கு.

"சரி, நடங்க" என்றார் அன்பழகன்.

நான் கோயில் பக்கத்துக் கோலுக்கு நடந்தேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று வைராக்கியமாகத்தான் நடந்தேன். இரண்டு பேராவது பின்னால் வருவார்கள் என்று ஒரு நினைப்பு. பள்ளத்தில் எத்தனை பந்தை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பினேன். கிரவுண்டு முழுக்கக் காலி. அந்தக் கோடியில் அத்தனை பேரும் கும்பலாக நின்றார்கள். எனக்குக் கண் சரியில்லை. யார் யார் என்று முகம் தெரியவில்லை. அதுவும் நல்லதுதான்.

அன்பழகன் அங்கிருந்தே கையை ஆட்டினார். முடிந்தது என்று அர்த்தம்.

வேலை நாள் வந்தது. வேலைக்கு வராதவனுக்குச் சங்கத்தில் இடமில்லை என்பது சட்டம். அதனால் நானும் கடப்பாரையோடு போனேன். காலையில் குழி தோண்டிக் குழாய் நட்டோம். வெயில் ஏறியதும் வலையைப் பிரித்தார்கள். பச்சை நைலான் வலை, கனம் அதிகம். மேல் விளிம்பை ஏணி போட்டுக் கட்டலாம். கீழ் விளிம்பைப் பள்ளத்துப் பக்கம் இழுத்துப் பிடித்து முளையடிக்க வேண்டும்.

"கீழ ஒரு ஆள் எறங்கோணும்" என்றான் மாதேஸ்வரன். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

இறங்கினேன். முந்தின நாள் மழையில் மண் வழுக்கியது. காப்பிச் செடியைப் பிடித்துக்கொண்டு நின்று வலையை இழுத்தேன். அவர்கள் மேலே ஒவ்வொரு குழாயாகக் கட்டிக்கொண்டே வந்தார்கள். நான் கீழே முளை அடித்துக்கொண்டே போனேன். "இன்னும் இளுங்க சித்தண்ணா", "உடுங்க", "அப்புடியே புடிங்க" என்று மத்தியானம் வரைக்கும் ஓயாமல் கூப்பிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமையிலும் அத்தனை தடவை கூப்பிட்டதில்லை. நன்றாகத்தான் இருந்தது. அதை ஏன் இல்லையென்று சொல்ல வேண்டும்.

கடைசி முளையை அடித்தபோது மேலே விசில் சத்தம். கோடிக்குக் கோடி இறுகக் கட்டிவிட்டார்கள். நான் பள்ளத்துப் பக்கம் நிற்கிறேன். நான் வழக்கமாக மேலே ஏறுகிற மண் படியெல்லாம் வலைக்கு உள்ளே, கிரவுண்டுப் பக்கம் போய்விட்டது.

அவர்கள் வலைக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். வலை ஓரம் ஏறி நின்ற எனக்கு அவர்கள் முதுகுகள் தெரிந்தன. சசிரேகா போனைப் பிடித்தாள்.

"எல்லாரும் வந்தாச்சுங்களா?"

"வந்தாச்சு, வந்தாச்சு, எடு கண்ணு, பசிக்குது" என்றார் அன்பழகன்.

நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு குரல் கொடுத்தால் போதும், திரும்பியிருப்பார்கள். எவனாவது ஒருத்தனுக்கு, ஆள் குறைகிறதே என்று படட்டும் என்று நின்றேன். வலைக்கண்ணில் விரலை மாட்டிக்கொண்டு நின்றேன். படம் எடுத்தார்கள். இன்னொன்று எடுத்தார்கள். ஏணியைத் தூக்கிக்கொண்டு ரோட்டுப் பக்கம் போனார்கள். சோற்றுப் பாத்திரம் திறக்கும் சத்தம் கேட்டது.

ஓடைத் தடத்தில் இறங்கி, காட்டேஜ்காரன் ஜல்லி கொட்டி வைத்திருக்கும் வழியாகச் சுற்றி, ரோட்டில் ஏறினேன். ரொம்ப தூரம். நடுவழியில் மாதேஸ்வரனின் ஜீப் எதிரே வந்து நின்றது. அன்பழகன் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, எங்க போய்ட்டீங்க? எலை போட்ட பொறவுதான் நீங்க இல்லைன்னு பாத்தோம். பள்ளத்துலயேவா இருந்தீங்க? ஒரு கூப்பாடு போட்டிருக்கலாமுங்களே!"

"போட்டிருந்தா?"

"போட்டிருந்தா வலைய அவுத்துட்டாவது தூக்கியிருப்போமுங்க. என்ன கேள்வி இது?"

அவர் முகத்தைப் பார்த்தேன். பொய் தேடினேன். கிடைக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் போயிற்று.

"ஏறுங்க, சோறு இருக்குது. சசிரேகா மூடி வெச்சிருக்கறா."

"நீங்க போங்க. நான் நடந்து வர்றேன்."

"மறுபடியும் அதையே பண்றீங்க பாத்தீங்களா" என்றான் மாதேஸ்வரன். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை.

ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போனார்கள். வளைவு வரைக்கும் மெதுவாகத்தான் போனார்கள், நான் கை காட்டுவேனோ என்று. நான் காட்டவில்லை. வளைவு தாண்டியதும் வண்டிச் சத்தம் ஏறியது. ஓரத்தில் ஒரு கல் கிடந்தது. அதில் உட்கார்ந்து காலில் ஏறியிருந்த அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டேன்.