ஒரே பிள்ளைக்கு இரண்டு பாஸ்புக்

மருதம்மாளுக்குப் பெண் பிறந்து ஒன்பது மாதமாகியும் பெயர் வைத்தபாடில்லை. திருப்பூரில் நூல் கடை வைத்திருந்த மாமனார் சிவசுப்பிரமணியம், தன் தாயார் பெயரான கண்ணம்மாளைத் தவிர வேறு பெயர் கூடாது என்றார். சாமளாபுரத்தில் நாலு தறி ஓட்டிய அவளுடைய அப்பா சென்னியப்பன், சின்ன வயதில் இறந்துபோன தன் தங்கை அமராவதியின் பெயரைச் சொன்னார். இரண்டு சம்பந்திகளும் பேச்சையே நிறுத்திக்கொண்டார்கள். புருஷன் ஞானசம்பந்தம் பனியன் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவன். மெஷின் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டது என்று இரு பக்கமும் சொல்லித் தப்பித்துக்கொண்டான். குழந்தை வெறும் பாப்பாவாகவே தவழத் தொடங்கியது.

ஐம்பத்தெட்டாம் வருஷம் அது. சர்க்காரின் சிறுசேமிப்பு வேன் கடைவீதிக்கு வந்தது. குழந்தை பெயரில் தபாலாபீஸில் கணக்குத் தொடங்கினால் நாளைக்குப் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் யார் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை என்று ஒலிபெருக்கியில் ஓர் அதிகாரி விளக்கினார். சிவசுப்பிரமணியம் பிடித்துக்கொண்டது ‘குழந்தை பெயரில்’ என்பதை மட்டும்தான். சர்க்கார் புத்தகத்தில் ஏறிய பெயரை எவன் மாற்ற முடியும்? மறுநாளே ஐந்து ரூபாய் கட்டி, கண்ணம்மாள் பெயரில் பாஸ்புக் வாங்கிவிட்டார்.

அடுத்த வாரம் வேன் சாமளாபுரம் போனது. சென்னியப்பனுக்கும் அதே யோசனை உதித்தது. பஸ் ஏறித் திருப்பூர் வந்து, அதே தபாலாபீஸில் அமராவதிக்கு ஒரு கணக்குத் தொடங்கினார்.

குமாஸ்தா திருமூர்த்தி ஊருக்குப் புதியவர். ஒரே விலாசம், ஒரே தகப்பன், ஒரே பிறந்த தேதி. இரட்டைக் குழந்தைகள் என்று எண்ணிக்கொண்டார். கார்டு வாங்க வந்த மருதம்மாளிடம், ரெட்டைப் பிள்ளைகள் சௌக்கியமா என்று விசாரித்தபோதுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. பிள்ளை ஒன்றுதான் என்று அவள் உண்மையைச் சொல்லிவிட்டாள். திருமூர்த்தி அவசரமாகப் பேரேட்டைப் புரட்டினார். பணம் போடுவதில் தப்பில்லை, ஆனால் பெயரை ஒன்றாக்காமல் ஒரு பைசா எடுக்க முடியாது என்றார்.

“எடுக்க வேண்டாங்க சார். ரெண்டு பேரும் போட்டுட்டே இருக்கட்டும்” என்றாள் மருதம்மாள்.

அவள் சும்மாவும் இருக்கவில்லை. சோறு போடும்போது மாமனாரிடம், தன் அப்பா அமராவதிக்கு இந்த மாதம் ஏழு ரூபாய் கட்டியிருப்பதாகப் பேச்சுவாக்கில் சொன்னாள். அவர் சோற்றைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்ப் பத்து கட்டினார். சாமளாபுரம் போனபோது அங்கே மாமனாரின் பத்தைச் சொன்னாள். சென்னியப்பன் புகையிலையை விட்டார். தீபாவளிக்கு ஒரு தொகை, தைப்பூசத்துக்கு ஒரு தொகை என்று இரண்டு புத்தகமும் கொழுத்தன.

பாப்பாவுக்கு ஐந்து வயதானது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் நாளில் இரண்டு தாத்தாக்களும் ஆளுக்கொரு பாஸ்புக்கோடு வந்து, பெஞ்சின் இரண்டு கோடியில் உட்கார்ந்தார்கள். தலைமையாசிரியை இரண்டையும் புரட்டிவிட்டு, பிள்ளையின் பெயர் எது என்று மருதம்மாளைக் கேட்டார்.

“பூங்கோதைங்க” என்றாள் அவள்.

இரண்டு தாத்தாக்களும் ஒரே நேரத்தில் பெஞ்சை விட்டு எழுந்தார்கள்.

“பொறந்த அன்னிக்கே நான் நெனச்ச பேருங்க. அஞ்சு வருசமா என்னைய ஒருத்தரும் கேக்கலீங்க.”

தலைமையாசிரியை அதையே எழுதினார். அப்போதுதான் பாப்பா, “அப்போ நான் பூங்கோதையாம்மா?” என்று கேட்டு, அந்தப் பெயரை நாலைந்து தரம் சொல்லிப் பார்த்துச் சிரித்தாள்.

கிழவர்கள் இருவரும் கோபமாக வெளியேறினார்கள். ஆனால் ஒரே பக்கமாகப் போனார்கள். மருதம்மாளுடைய துணிச்சலை ஒருவருக்கொருவர் குறை சொல்லிக்கொண்டே, கணக்கைப் பள்ளிக்கூடப் பெயருக்கு மாற்றத் தபாலாபீஸ் போய்ச் சேர்ந்தார்கள். ஐந்து வருஷத்தில் அவர்கள் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

திருமூர்த்தி இரக்கமே காட்டவில்லை. மூன்று பெயரும் ஒரே பிள்ளைதான் என்று இருவரும் ஒரே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். யார் முதலில் போடுவது என்பதில் கால் மணி நேரம் போனது. பிறகு, அதிகம் கட்டியவர் முதலில் என்று கணக்கைப் பார்த்தார்கள். சென்னியப்பன் மூன்று ரூபாய் முந்தியிருந்தார். சிவசுப்பிரமணியம் மடியை அவிழ்த்தார். பழைய கணக்கில் இனிமேல் வரவு கிடையாது என்று குமாஸ்தா தடுத்துவிட்டார்.

புதுப் பாஸ்புக் கைக்கு வந்தது. சென்னியப்பனிடம் கண்ணாடி இல்லாததால் சிவசுப்பிரமணியமே பெயரை வாசித்துக் காட்டினார்.

“கேக்கறதுக்கு நல்லாத்தானுங்க இருக்குது, சம்பந்தி” என்றார் சென்னியப்பன். சிவசுப்பிரமணியம் இன்னொரு தரம் வாசித்தார்.

வீட்டில் அப்பாரு சிவசுப்பிரமணியம் கண்ணம்மா என்றும் அப்புச்சி சென்னியப்பன் அமராவதி என்றும்தான் கடைசிவரை கூப்பிட்டார்கள். இரண்டுக்கும் அவள் ஓடி வந்தாள். பள்ளிப் படிப்பு முடிந்து பூங்கோதை கோயம்புத்தூருக்கு ஆசிரியர் பயிற்சிக்குப் போனபோது, அந்தப் பணம்தான் கட்டணத்துக்கும் விடுதிக்கும் உதவியது. பணம் எடுக்கும் தாளில் அவளே தன் கையால் கையெழுத்துப் போட்டாள்.