ஜெனிபருக்கு ஒரு ஃபிட்னஸ் லெட்டர்

மூன்று வருடத்துக்கு முன்னால் கவரைப்பேட்டையில் யாரிடமாவது போய் ரக்பி என்று சொல்லியிருந்தால், ஏதோ புது பிஸ்கட் போலிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். பள்ளிக்கூடத்துக்கு வந்த விளையாட்டு ஆசிரியை கல்பனா, இரண்டு பக்கமும் கூம்பிய அந்தப் பந்தை மைதானத்துக்கு எடுத்து வந்த அன்று பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முட்டைப் பந்து என்று பெயரும் வைத்தார்கள். பந்தை முன்னால் எறியக் கூடாதாம், பின்னால்தான் கொடுக்க வேண்டுமாம், ஆனால் ஓடுவது மட்டும் முன்னாலாம். இந்தக் கூத்துக்கு ஏழே ஏழு பெண்கள் போய் நின்றார்கள். அதில் ஒருத்தி சாலமோனின் மகள் ஜெனிபர்.

இப்போது நிலைமையே வேறு. கும்மிடிப்பூண்டிப் பக்கம் மட்டும் நூற்று நாற்பது பெண்கள் ஆடுகிறார்கள். ஆரம்பாக்கத்திலிருந்து காலை ரயிலைப் பிடித்துப் பயிற்சிக்கு வருகிறவர்கள்கூட உண்டு. மகளைத் தனியாகக் கடைக்கு அனுப்பவே யோசித்த அப்பன்மார்கள் இப்போது, எம் பொண்ணு டீம்ல இருக்குது என்று மீசையைத் தடவிக்கொள்கிறார்கள். போன வருடம் ஃபோனில் பார்த்த ஆட்டம் இந்த வருடம் டிவிக்கு வந்துவிட்டது. மாநில இறுதிப் போட்டியை ஞாயிற்றுக்கிழமை நேரடியாகக் காட்டப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஊரே குதித்தது. பார்க்கிறவர்கள் பெருகினால் ஆடுகிறவர்களுக்கு நல்லது என்றார்கள். நல்லதுதான், யார் இல்லை என்றது.

எல்லோரையும்விட அதிகம் குதித்தவன் சாலமோன். சிப்காட்டில் ஒரு கம்பி ஆலையில், ராஜமாணிக்கம் என்ற கான்ட்ராக்டரின் ஆட்களுக்கு அவன்தான் சூப்பர்வைசர். கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி முதல் உலைப் பக்கம் வேலை பார்க்கும் ஒடிசாக்காரர்கள் வரை ஒருவரையும் விடாமல் சொல்லி வைத்திருந்தான். கேன்டீன் டிவியை ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தச் சேனலில் போட வேண்டும் என்று மேனேஜரிடம் அனுமதியும் வாங்கிவிட்டான்.

அந்த நேரம் பார்த்துத்தான் பயிற்சியில் ஜெனிபருக்கு அடி பட்டது. போட்டிக்குப் பன்னிரண்டு நாள் முன்பு, ஓடி வந்த ஒருத்தியின் முழங்கால் அவள் நெற்றிப் பொட்டில் இடித்தது. ரத்தம் ஒரு சொட்டு இல்லை. ஆனால் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். இன்று என்ன கிழமை என்று கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் விழித்தாள். கல்பனா அன்றே வீட்டுக்கு வந்து கறாராகச் சொல்லிவிட்டாள்.

"மூணு வாரத்துக்கு மைதானத்துப் பக்கமே வரக் கூடாதுண்ணா. அதுக்குள்ள ஆடணும்னா டாக்டர் பார்த்து, ஆடலாம்னு லெட்டர் குடுக்கணும். தலையில அடுத்தடுத்து அடிபட்டா உசுருக்கே ஆபத்து."

சாலமோனின் மனைவி ஆரோக்கியமேரி, "அப்போ வேணாம், உடு. அடுத்த வருசம் ஆடிக்கலாம்" என்றாள். அவளுக்குச் சுலபம். சாலமோனுக்குத்தான் தூக்கம் போய்விட்டது. இந்திய அணிப் பயிற்சி முகாமுக்கு ஆள் எடுக்கிறவர்கள் அந்த ஒரு போட்டிக்குத்தான் வருகிறார்கள். முகாமுக்குப் போனவர்களுக்கு ரயில்வேயில் வேலை கிடைக்கிறது. இல்லையென்றால் இந்த இருபது வயசுப் பெண்ணும் நாளைக்கு டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு ஏதாவது ஒரு கம்பெனி வேனில்தான் ஏற வேண்டும். அவன் இப்படித்தான் தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டான். கேன்டீனில் நூறு பேர் முன்னால் தலைகுனிய வேண்டியிருக்குமே என்ற பயத்தை மட்டும் தனக்கும் சொல்லிக்கொள்ளவில்லை.

அவனுக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. தெரியாமல் இருந்திருக்கலாம். கான்ட்ராக்ட் ஆள் எவனும் டாக்டரின் ஃபிட்னஸ் சர்டிபிகேட் இல்லாமல் கேட்டைத் தாண்ட முடியாது. எண்பது பேரை வேலையை விட்டு டாக்டரிடம் கூட்டிப் போக எந்தக் கம்பெனியும் விடாது. அதனால் சூப்பர்வைசர் ஆதார் நகல்களை ஒரு கட்டாகக் கட்டிக்கொண்டு போவான். புதுவாயல் கூட்ரோட்டில் ஒரு கிளினிக். அங்கே டாக்டர் ஒரே மூச்சில் எண்பது கையெழுத்துப் போடுவார். எண்பது பேருக்கும் ரத்த அழுத்தம் நூற்றிருபதுக்கு எண்பது. அவர்களில் ஒருவனையும் அவர் பார்த்தது கிடையாது. இந்த வட்டாரத்தில் இதை யாரும் தப்பு என்றே நினைப்பதில்லை. சாலமோனும் பதினோரு வருடமாக இதைச் செய்கிறான், ஒன்றும் ஆனதில்லை.

போட்டிக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை, கட்டின் நடுவில் ஜெனிபரின் ஆதார் நகலையும் சொருகினான். டாக்டர் ஃபோனில் யாரிடமோ மனை விஷயம் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். ஒரு தாளில் மட்டும் பேனா நின்றது.

"இன்னாய்யா, லேடீஸா?"

"ஆமா சார். புதுசு."

டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த தாளை இழுத்தார்.

சாலமோன் வீட்டுக்கு வந்தபோது ஜெனிபர் ஜன்னலுக்குத் துணி போட்டு மூடிவிட்டுப் படுத்திருந்தாள். ஆரோக்கியமேரி மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். லெட்டரை மகள் கையில் கொடுத்தான்.

"இன்னும் வெளிச்சத்தப் பார்த்தா வலிக்குது நைனா."

"எல்லாத்தையும் சொன்னேம்மா டாக்டர்கிட்ட. வாந்தி எடுத்தது, வெளிச்சம் பார்த்தா வலிக்கறது, ஒண்ணு உடாம சொன்னேன். அதெல்லாம் தானா போய்டும், ஆடட்டும்னு சொல்லிட்டாரு."

"என்னைப் பார்க்க வேணாமா அவரு?"

"பெரிய டாக்டரும்மா. கேட்டாலே தெரிஞ்சிடும்."

அவள் நம்பினாள். அப்பன் பொய் சொல்வான் என்று நினைக்க அவளுக்கு அதுவரை ஒரு காரணமும் இருந்ததில்லை. முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து உட்கார்ந்து, கல்பனா மிஸ்ஸுக்கு ஃபோன் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாலமோனுக்கு ஷிப்ட். கேன்டீனில் உட்கார இடமில்லை. ஆட்டம் புரிந்தவர்கள் என்று பார்த்தால் ஒடிசாக்காரர்கள்தான். அவர்கள் ஊரில் பெண்கள் எப்போதிருந்தோ ஆடுகிறார்களாம். உலைப் பக்கம் வேலை பார்க்கும் ஒருவன் உடைந்த தமிழில் ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டிருந்தான். இருபதாவது நிமிடம் ஜெனிபர் பந்தை வாங்கி ஓரமாக ஓடி, இரண்டு பேரை ஏமாற்றி, கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தாள். ஐந்து பாயிண்ட். கேன்டீனில் தட்டுகள் பறந்தன. சாலமோனோடு வேலை பார்க்கும் அன்பு அவனைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டான். "அண்ணே, நீ எங்கியோ போய்ட்டண்ணே!" சாலமோன் அழுதான். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவன் இருந்ததே இல்லை.

இரண்டாம் பாதியில் ஓடி வந்த ஒருத்தியை ஜெனிபர் இடுப்பைப் பிடித்துச் சாய்த்தாள். பெரிய மோதல் இல்லை. அது மாதிரி அன்று ஐம்பது நடந்திருக்கும். கீழே விழும்போது தலை தரையில் லேசாகத் தட்டியது, அவ்வளவுதான். எழுந்தாள். எழுந்தவள் எதிர் அணிப் பெண்கள் நின்ற வரிசையில் போய் நின்றாள்.

கேன்டீனில் சிலர் சிரித்தார்கள். ஒடிசாக்காரன் மட்டும் சிரிக்கவில்லை. "அண்ணா, அந்தப் பொண்ண உக்கார வை. சொல்லு, உக்கார வை" என்று டிவியைப் பார்த்துக் கத்தினான். ஜெனிபர் நாலடி நடந்தாள். முழங்கால் மடங்கி, கையை ஊன்றக்கூட முயலாமல் முகம் குப்புற விழுந்தாள். கல்பனா ஓடிவருவது தெரிந்தது. பிறகு டிவிக்காரன் அதையே மெதுவாகத் திரும்பக் காட்டினான். இந்தப் பக்கமிருந்து ஒரு தடவை, அந்தப் பக்கமிருந்து ஒரு தடவை, மேலே இருந்து ஒரு தடவை.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் மண்டை ஓட்டைத் திறந்து ரத்தக் கட்டை எடுத்தார்கள். வெளியே வந்த இளம் டாக்டர், சமீபத்தில் தலையில் அடிபட்டதா என்று கேட்டார். கல்பனாதான் ஆமாம் என்று சொல்லி, பையிலிருந்து லெட்டரை எடுத்துக் கொடுத்தாள். டாக்டர் அதைச் சத்தமாகப் படித்தார்.

"உயரமான இடங்களில் நின்று வேலை செய்யவும், பாரம் தூக்கவும் தகுதியானவர்." தாளைத் திருப்பிப் பார்த்தார். "இது என்னம்மா லெட்டர்?"

கல்பனா சாலமோனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். ஆரோக்கியமேரி அப்போது கீழே மருந்து வாங்கப் போயிருந்தாள். அதற்காக அவன் கடவுளுக்கு நன்றி சொன்னான். அந்த இடத்தில் நின்றுகொண்டு நன்றி சொல்ல அவனுக்கு மனம் வந்தது, அதுதான் கொடுமை.

டாக்டர் போனதும் கல்பனா மெல்லிய குரலில் சொன்னாள். "நானும் படிக்கலண்ணா. கையெழுத்து இருக்குதான்னு மட்டும் பார்த்தேன். படிச்சா உக்கார வைக்க வேண்டியிருக்கும்னுதான் படிக்கல."

அவள் அவனைக் காட்டிக் கொடுக்கவில்லை. ரக்பி சங்கத்துக்காரர்கள் அவளைப் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். மற்றவர்கள் எல்லோரும், டாக்டர் பார்த்துத்தானே விட்டாங்க, அந்தப் பொண்ணு நேரம் என்று ஆறுதல் சொன்னார்கள். ஆரோக்கியமேரியும் அதையே நம்பினாள். ஜெனிபரும் நம்பினாள்.

நாலு மாதம் போயிற்று. ஜெனிபர் பிழைத்துக்கொண்டாள். இடது கை தூக்க வரவில்லை. வார்த்தைகள் ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு வருகின்றன. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு சாலமோன்தான் தினமும் தூக்கி உட்கார வைப்பான். ஆனால் அவள் முணுமுணுத்தது கிடையாது. ஃபோனில் தன் ஆட்டத்தைப் போட்டுப் பார்ப்பாள், தன் ஓட்டத்தை மட்டும். அதை லட்சக்கணக்கான பேர் பார்த்திருந்தார்கள். அவள் விழுந்ததை அதைவிடப் பத்து மடங்கு பேர் பார்த்திருந்தார்கள். எப்படியோ, பெண்கள் வந்து குவிந்தார்கள். மைதானத்தில் இப்போது முந்நூறு பேர். சங்கத்திலும் புது விதி வந்துவிட்டது: டாக்டர் லெட்டர் இல்லாமல் யாருக்கும் பதிவு கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து உட்கார்ந்திருந்தபோது அன்பு வந்தான். கையில் பெயர்கள் எழுதிய ஒரு தாள்.

"எம் பொண்ணு ஏஞ்சலின் ஒத்தக்கால்ல நிக்கிதுண்ணே, நானும் ஜெனி அக்கா மாதிரி ஆடுவேன்னு. அவ கூட்டாளிங்களையும் சேர்த்து ஒம்பது பேரு. உன் கட்டோட கட்டா வெச்சு லெட்டர் வாங்கிக் குடுத்துடுண்ணே."

நாற்காலியில் இருந்த ஜெனிபரின் முகம் மலர்ந்தது. நாலு மாதத்தில் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

"வாங்கிக் குடு... நைனா. சீசன்... ஆரம்பிச்சிடும். நம்ம டாக்டரு... நல்லா பார்ப்பாரு."

சாலமோன் சும்மா இருந்திருக்கலாம். சரி அன்பு, வெச்சிட்டுப் போ என்று சொல்லியிருக்கலாம். பதினோரு வருடமாக அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தான். ஆனால் மகளின் அந்தச் சிரிப்பை அவனால் தாங்க முடியவில்லை.

"அந்த டாக்டரு உன்னைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலம்மா" என்றான். "கட்டுல நடுவுல வெச்சேன். போன்ல பேசிக்கினே கையெழுத்து போட்டாரு. நானும் ஒண்ணும் சொல்லல."

மீனைக் கழுவிக்கொண்டிருந்த ஆரோக்கியமேரியின் கை நின்றது.

அன்பு வீட்டைச் சுற்றிப் பார்த்தான். எங்கே பார்ப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"ஏஞ்சலின கூட்டிக்கினு வா அன்பு. ஒம்பது பேரையும் கூட்டிக்கினு வா. ஆஸ்பத்திரிக்கு நானே இட்டுக்கினு போறேன். தொட்டுப் பார்த்து எழுதட்டும்."

"ஒம்பது பேரையா? உனக்கு எவன்ணே லீவு குடுப்பான்? பதிவுக்கு நாளைக்குக் கடைசி நாளு." அன்பு தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "எங்க பசங்களுக்கு அடி கிடி ஒண்ணும் படலண்ணே. சும்மா ஒரு கையெழுத்துதான. நான் வேற ஆளப் பார்த்துக்கறேன்." செருப்பைச் சரியாகக்கூடப் போடாமல் கிளம்பினான்.

ஜெனிபர் அப்பனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதுன்னு... சொன்னேனே."

"சொன்னம்மா."

"அவர்கிட்ட... சொன்னேன்னியே."

"சொல்லல."

வெளியே யாரோ பைக்கை உதைத்துக் கிளப்பும் சத்தம் கேட்டது. ஜெனிபர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தாள். முடியவில்லை. சாலமோன் ஓடிப் போய்க் குனிந்து, வழக்கம்போல் அவள் அக்குளில் கை கொடுத்தான். நல்ல கையால் அவன் மார்பில் வைத்துத் தள்ளினாள். அதில் பெரிய பலம் இல்லை. ஆனாலும் அவன் பின்னால் நகர்ந்தான்.

"அம்மா" என்றாள். "நீ வா."

ஆரோக்கியமேரி மீன் வாடையோடு எழுந்து வந்தாள். புருஷனை ஏறிட்டுப் பார்க்கவில்லை. மகளில் பாதி ஆள்தான் இருக்கும் அவள், ஜெனிபரை இடுப்பில் சாய்த்து, இழுத்து இழுத்து உள்ளே கொண்டுபோனாள். வழியில் இரண்டு தடவை இருவரும் சுவரில் மோதினார்கள். சாலமோன் கையை நீட்டியபடியே நின்றான். உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஜெனிபர் அழ ஆரம்பித்தாள். அடிபட்ட நாளிலிருந்து அவள் அழுதது அதுதான் முதல் தடவை.